நாயகியின் அப்பா அம்மாவைச் சாகடித்தே ஆக வேண்டுமா?

விளக்குக்காரி கேட்கிறார்:

வணக்கம். பதின்பருவத்துப் பிள்ளைகளுக்கான ஒரு ஃபேன்டசி நாவலை ஒன்றரை வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறாவது அத்தியாயத்தில் நின்றுவிட்டது. நான்கு மாதமாக அதே இடத்தில் நிற்பதால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

கதை இதுதான். ஒவ்வொரு வருடமும் இரவு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும் ஓர் உலகம். இருட்டுக்குள் நெடுநேரம் நடப்பவர்களுக்குத் தங்கள் பெயர் மறந்துபோகும். ஊர் எல்லையில் இருக்கும் பெரிய விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்வது என் நாயகியின் குடும்பத்து வேலை. அவளுக்கு 14 வயது. எவ்வளவு தூரம் இருட்டில் நடந்தாலும் அவளுக்கு மட்டும் பெயர் மறப்பதில்லை, அது வேறு யாருக்கும் தெரியாது. இரவு எங்கிருந்து வளர்கிறது என்று தேடிப் போக வேண்டியவள் அவள்தான்.

சிக்கல் என்னவென்றால், அவளுக்கு அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறார், ஆறு வயதில் ஒரு தம்பி இருக்கிறான். எல்லோரும் நல்லவர்கள். அவள் கிளம்ப நினைக்கும் ஒவ்வொரு முறையும் "எங்கே போகிறாய்?" என்று அம்மா கேட்டுவிடுகிறாள், நான் எழுதாமலே அம்மா கேட்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்படிப்பட்ட ஒரு பெண் கேட்காமல் இருக்க மாட்டாள். கேட்டால் இவள் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா "நீ இரு, நான் போகிறேன்" என்பார். கதை அங்கேயே முடிந்துவிடும்.

படித்துப் பார்த்த மூன்று நண்பர்களும் தனித்தனியாக ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். முதல் அத்தியாயத்திலேயே பெற்றோரைச் சாகடித்துவிடு, இந்த வகைக் கதைகளில் அதுதான் வழக்கம், பிள்ளைக்குக் கோபமும் கிடைக்கும், காரணமும் கிடைக்கும், போக வழியும் கிடைக்கும். சரி என்று அப்பா சாகும் காட்சியை எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. மறுநாள் காலையில் அழித்துவிட்டேன்.

நான் பன்னிரண்டு வயதில் இப்படிப்பட்ட கதைகளாகப் படித்துத் தள்ளியவள். அம்மா அப்பா இல்லாத பிள்ளைகளுக்குத்தான் கதவு திறக்கிறது என்று மனதில் பதிந்து, நானும் அப்படி இருந்திருந்தால் எனக்கும் ஏதாவது நடந்திருக்குமோ என்று ஒருநாள் நினைத்தேன், நினைத்ததற்காக அன்று இரவு முழுக்க அழுதேன், அடுத்த அறையில் அப்பா இருமிக்கொண்டிருந்தது கேட்டது. அந்தக் குழந்தைக்கு ஒரு கதை எழுத வேண்டும் என்றுதான் இதையே தொடங்கினேன். வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே ஒரு பிள்ளை வீரச்செயல் செய்ய முடியாதா? பெற்றோரை உயிரோடு வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

---

பழைய அட்டை:

முதலில் அந்த வழக்கம் ஏன் வந்தது என்று பார்த்துவிடலாம், அது தெரிந்தால் உங்கள் பயம் பாதி போய்விடும் என்று நினைக்கிறேன்.

பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஆபத்து அவர் கைக்குப் போய்விடும். உங்கள் நாயகியின் அப்பா செய்வது அதைத்தான். பதின்பருவக் கதையில் முடிவெடுக்கும் உரிமை பிள்ளையிடம் இருந்தாக வேண்டும், அந்த உரிமையை அவள் கைக்கு மாற்றத்தான் எழுதுபவர்கள் பெற்றோரை அப்புறப்படுத்துகிறார்கள். சாவு அதற்கான எளிய வழி, அவ்வளவுதான். வேறு வழிகளும் எப்போதும் இருந்திருக்கின்றன. 1950இல் வந்த முதல் நார்னியா நூலில் நான்கு பிள்ளைகளின் பெற்றோரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். லண்டனில் குண்டு விழுகிறது என்று பிள்ளைகளைக் கிராமத்தில் ஒரு பேராசிரியர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். யாரும் சாகவில்லை, கெட்டவர்களும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் "எங்கே போகிறாய்" என்று கேட்க ஆள் இல்லை.

பெற்றோர் செத்துவிட்ட கதைகளிலும், நல்லவற்றில் அந்தச் சாவு என்ன செய்கிறது என்று பாருங்கள். 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டர் நூலில் ஆசையைக் காட்டும் கண்ணாடி முன்னால் அந்தப் பையன் நிற்கிறான். பதினோரு வயதுப் பையன், மந்திரம் கற்க வந்தவன், அவனுக்குத் தெரிவது அம்மா, அப்பா, பின்னால் வரிசையாக நிற்கும் சொந்தக்காரர்கள். திரும்பத் திரும்பப் போய் அதன் முன்னால் உட்கார்ந்துகொள்கிறான். அந்தக் காட்சி நம்மை உலுக்குவதற்குக் காரணம், அவன் இழந்ததை ஆசிரியர் மறக்கவே இல்லை என்பதுதான். நீங்கள் அழித்த காட்சியைப் பற்றி எனக்கு இருக்கும் சந்தேகம் இது: முதல் அத்தியாயத்தில் சாகும் அப்பாவை வாசகருக்குப் பழக்கமே இருக்காது. பழகாத ஒருவர் செத்தால் அது தகவல், இழப்பு இல்லை. அடுத்த இருபது அத்தியாயமும் அவர் இல்லாததை எழுதத் தயார் என்றால் சாகடியுங்கள். வழி விடுவதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

இன்னொன்று. அதே தொடரில் 2005இல் வந்த ஆறாவது நூலில் ஹாரியின் நண்பனுடைய அம்மா, வீஸ்லி வீட்டு அம்மா, ஒரு கடிகாரத்தைத் துணிக்கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போவார். அந்தக் கடிகாரம் நேரம் காட்டாது, குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும், ஆளுக்கு ஒரு முள். அப்போது ஒன்பது முள்ளும் உயிராபத்து என்ற இடத்திலேயே நிற்கின்றன. அவர் அதற்காக யாரையும் வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை, துணி மடிக்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். வீரச்செயல் செய்யும் பிள்ளைகளின் அம்மா எப்படி இருப்பாள் என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் இந்தக் கூடையைத்தான் காட்டுவேன். உங்கள் நாயகியின் அம்மாவுக்கும் கையில் ஒரு பொருள் கொடுங்கள். அவள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பதற்குக் காரணம், கதையில் அவளுக்குச் செய்ய வேறு வேலை இல்லாததாகவும் இருக்கலாம்.

---

இரண்டாம் வாசிப்பு:

பழைய அட்டை சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் பெற்றோரைத் தொலைவில் அனுப்புவதும் ஒரு வகையில் தப்பித்தல்தான். நீங்கள் கேட்டது வீட்டில் எல்லோரும் இருக்கும்போதே எப்படி என்று.

என் பதில் ஒரே வரியில்: "நான் போகிறேன்" என்று அப்பா சொன்னால் போகட்டும், போய்த் தோற்கட்டும்.

1962இல் மேடலின் லெங்கிள் எழுதிய 'எ ரிங்கிள் இன் டைம்' படித்திருக்கிறீர்களா? மெக் என்ற பெண் காணாமல் போன அப்பாவைத் தேடி வேறு கிரகத்துக்குப் போகிறாள். அப்பா கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நூல் முழுக்க நம்பிக்கொண்டே வருகிறாள், நாமும் நம்புகிறோம். அப்பா கிடைக்கிறார். எதுவும் சரியாகவில்லை. தப்பிக்கும் அவசரத்தில் அவளுடைய தம்பியை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாகிறது. அவளுக்கு வரும் கோபத்தைப் படித்துப் பாருங்கள், பகைவன் மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது, அத்தனையும் அப்பா மேல். நீ அப்பா அல்லவா, உனக்குத் தெரிய வேண்டாமா என்ற கோபம். பிறகு தம்பியை மீட்கத் தன்னால்தான் முடியும், ஏனென்றால் அவனை அவ்வளவு நெருக்கமாக அறிந்தவள் தான்தான் என்று அவளுக்குப் புரிகிறது. அப்பா தடுக்கப் பார்க்கிறார், கடைசியில் விட்டுக்கொடுக்கிறார். அவள் தனியாகத் திரும்பிப் போகிறாள்.

வளர்வது என்றால் இதுதான் என்று எனக்கு அந்த நூல்தான் சொல்லிக்கொடுத்தது. அம்மா அப்பாவுக்கு எல்லாம் தெரியாது என்று கண்டுபிடிப்பது, அதற்காக அவர்கள் மேல் கோபப்படுவது, அந்தக் கோபத்தையும் கடந்து வந்து அவர்களை நேசிப்பது. பெற்றோர் செத்துப்போன கதையில் இந்த மூன்றில் ஒன்றும் முழுசாக நடக்காது. செத்தவர்கள் தோற்க மாட்டார்கள், அவர்கள் எப்போதும் படத்தில் இருப்பதுபோலவே இருப்பார்கள்.

உங்கள் கதையில் அதற்கான இடம் ஏற்கனவே இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். இருட்டில் நடந்தால் பெயர் மறந்துவிடும் என்கிறீர்கள். அப்பா போகிறார். மூன்று நாள் கழித்துத் திரும்பி வருகிறார், உடம்பில் ஒரு கீறல் இல்லை, வாசலில் நின்று மகளைப் பார்த்து "இது யார் வீடு?" என்று கேட்கிறார். அவர் உயிரோடுதான் இருக்கிறார், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறார், சாப்பிடுகிறார், தம்பியைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறார், ஆனால் தன் பெயரும் தெரியவில்லை, அவள் பெயரும் தெரியவில்லை. இதைவிட ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்ப என்ன காரணம் வேண்டும்?

---

சாவித்துளை:

இரண்டாம் வாசிப்பு எழுதிய அந்தக் கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்ய முடியவில்லை. எனக்கு அது தெரிந்த வீடு.

என் ஒன்பதாவது வயதிலிருந்து பதினேழு வரை அம்மாவுக்கு மனநோய். சில வாரங்கள் என்னைத் தெரியும், சில வாரங்கள் தெரியாது. அப்பா வேலைக்கு வெளியூர் போய்விடுவார், வீட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன். பள்ளியில் யாருக்கும் தெரியாது, தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. சீருடை சுத்தமாக இருக்க வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டிய இடத்தில் கையெழுத்து இருக்க வேண்டும், தோழிகள் வீட்டுக்கு வருகிறேன் என்றால் காரணம் தயாராக இருக்க வேண்டும். நான் அதை வீரம் என்று நினைத்ததே இல்லை. வெட்கம் என்றுதான் நினைத்தேன்.

பதினாறு வயதில் ஃபிலிப் புல்மனின் 'தி சட்டில் நைஃப்' கைக்கு வந்தது. 1997இல் வெளிவந்த நூல். அதில் வில் என்று பன்னிரண்டு வயதுப் பையன். அவன் அம்மாவுக்கு யாரோ துரத்துகிறார்கள் என்ற பயம், அந்த எதிரிகள் அம்மாவின் மனதுக்குள்தான் இருக்கிறார்கள் என்று அவன் சின்ன வயதிலேயே புரிந்துகொள்கிறான். சமைக்கக் கற்றுக்கொள்கிறான், கடைக்குப் போகிறான், வெளியே தெரிந்தால் தங்களைப் பிரித்துவிடுவார்கள் என்று எல்லாவற்றையும் மறைக்கிறான். கதை தொடங்கும்போது அம்மாவை ஒரு வயதான பியானோ ஆசிரியையிடம் விட்டுவிட்டுப் போகிறான். அந்த இரண்டு பக்கங்களை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. உலகங்களுக்கு நடுவே வெட்டித் திறக்கும் கத்தி பிறகுதான் அவனுக்குக் கிடைக்கிறது. கத்தி கிடைப்பதற்கு முன்னாலேயே அவன் வீரன் என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது, அதை எனக்கும் தெரிய வைத்தார். தொடரின் மூன்றாவது நூலில் ஒரு நெருக்கடியான நொடியில் அவனுக்கு அம்மா ஞாபகம் வந்துவிடும், கத்தி துண்டு துண்டாக உடைந்துபோகும். எதையும் வெட்டக்கூடிய கத்தி. அதைப் படித்தபோது நூலை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

இதே மாதிரி இன்னொரு இடம், ஹாரி பாட்டர் ஐந்தாம் நூலில், மருத்துவமனையில் ஹாரியின் வகுப்புத் தோழன் நெவில். சித்திரவதையால் மனம் குலைந்துபோன அவன் அம்மா அவனிடம் ஒரு மிட்டாய்க் காகிதத்தைக் கொடுப்பார். பாட்டி அதைக் குப்பையில் போடச் சொல்வார். அவன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வான். அந்தப் பையன்தான் இரண்டு நூல் கழித்து வில்லனுடைய பாம்பின் தலையை வாளால் வெட்டுகிறான். வாசகர்கள் வாளைத்தான் பேசுகிறார்கள், எனக்கு அந்தக் காகிதம் போதும்.

நான் சொல்ல வருவது இது. அப்பா பெயர் மறந்து திரும்பி வருவதை எழுதினால், உங்கள் நாயகி மறுநாளே கிளம்பிவிட வேண்டாம். சில வாரங்கள் வீட்டில் இருக்கட்டும். விளக்கைப் பார்க்க வேண்டும், தம்பிக்கு அப்பா ஏன் இப்படி இருக்கிறார் என்று சொல்ல வேண்டும், ஊருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும், ஏனென்றால் விளக்குக்காரருக்கே பெயர் மறந்துவிட்டது என்று தெரிந்தால் வேலையும் போகும் வீடும் போகும். அந்த வாரங்களை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அந்த மாதிரி வீட்டிலிருந்து படிக்கும் ஒரு பிள்ளைக்கு உங்கள் நாவலிலேயே அதுதான் முக்கியமான அத்தியாயமாக இருக்கும்.

---

ஒற்றைப்பனை:

எல்லோரும் நாயகி கிளம்புவதைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டு மறுப்புகள்.

ஒன்று, அம்மாவை மறந்துவிட்டீர்கள். அப்பா மறதியோடு உட்கார்ந்துவிட்டால் வழிவிட வேண்டியவள் அம்மாதான், அவள் எங்கே? புறநானூற்றில் 279ஆம் பாடல், ஒக்கூர் மாசாத்தியார் பாடியது, நம்மில் பலருக்குப் பாடப்புத்தகத்திலிருந்தே தெரியும். கணவனையும் போரில் இழந்துவிட்ட பெண், பறையொலி கேட்டதும், இருக்கும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளாடை உடுத்தி, வேல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அதை வீரத்தாய் என்று சொல்லிச் சொல்லிப் பாராட்டுகிறோம். பாடலைத் திரும்பப் படித்தால் அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது தெரியும். அவனுக்குப் போக விருப்பமா, பயமா, எதுவும் தெரியாது. பார்வை முழுக்க அம்மா மேல். இன்றைய இளையோர் ஃபேன்டசி அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது, பார்வை முழுக்கப் பிள்ளை மேல், அம்மா பேசுவதில்லை. இரண்டிலும் ஒருவர் ஊமை. இருவரும் பேசும் ஒரு காட்சியை, அனுப்புகிறவளும் போகிறவளும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்து பேசும் காட்சியை யாராவது எழுதினால் நான் வாங்கிப் படிப்பேன். "எங்கே போகிறாய்" என்று அம்மா கேட்பதைத் தடையாகவே பார்க்கிறீர்கள். அவள் கேட்கட்டும், மகள் உண்மையான பதிலைச் சொல்லட்டும், அம்மா பதறட்டும், சண்டை போடட்டும், பிறகு என்ன செய்கிறாள் என்று எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது மறுப்பு, திரும்பி வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. டெர்ரி பிராட்செட்டின் 'தி வீ ஃப்ரீ மென்' (2003) நூலில் டிஃப்பனி என்ற ஒன்பது வயதுப் பெண் தம்பியைத் தேவதை அரசியிடமிருந்து மீட்டு வருகிறாள். அவளுக்குத் தம்பியை அவ்வளவாகப் பிடிக்கவும் பிடிக்காது, ஆனாலும் அவன் என் தம்பி என்பதே அவளுக்குப் போதுமான காரணம். திரும்பி வந்ததும் பெரியவர்கள், கூடவே மீண்டு வந்த பிரபுவின் மகன்தான் எல்லோரையும் காப்பாற்றினான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவள் பண்ணை வேலைக்குத் திரும்புகிறாள். எனக்குத் தெரிந்து வளர்ச்சியின் மிகக் கடினமான பாடம் அது, நீ செய்தது வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆனாலும் செய்தாய்.

உர்சுலா கே. லெ குவின் இன்னும் தூரம் போனார். எர்த்சீ தொடரின் மூன்றாவது நூல் 1972இல் முடிந்தபோது அதன் நாயகன் கெட் தன் மந்திர ஆற்றல் அத்தனையையும் செலவழித்து உலகைக் காத்துவிட்டான். சாதாரணமாக அங்கே நிறுத்திவிடுவார்கள். அவர் 1990இல் 'தெஹானு' என்று நான்காவது நூலை எழுதினார். ஆற்றல் போன கெட் வெட்கப்பட்டு ஒளிகிறான், மலையில் ஆடு மேய்க்கிறான். இரண்டாம் நூலில் இளம்பெண்ணாக வந்த தெனார் இப்போது நடுவயது விதவை, தீயில் கருகிய ஒரு சிறுமியை எடுத்து வளர்க்கிறாள். அவளுடைய சொந்த மகன் கடலிலிருந்து வந்து பண்ணை என்னுடையது என்கிறான், சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை, இவனை நான் சரியாக வளர்க்கவில்லையே என்று அவள் நினைக்கிறாள். டிராகன்கள் இருக்கும் நூலில் அந்தத் தட்டு ஒரு பெரிய விஷயமாக இருக்கிறது. வளர்ந்துவிட்ட வீரர்கள் வீட்டில் எப்படி வாழ்வார்கள் என்று கேட்கத் துணிந்த நூல் அது. முதலில் படித்தபோது எனக்குப் பிடிக்கவில்லை, எனக்கு 19 வயது, சாகசம் எங்கே என்று தேடினேன். முப்பத்தைந்தில் படித்தபோது நாலைந்து இடத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க முடிந்தது.

உங்கள் நாயகி இரவை நிறுத்திவிட்டுத் திரும்பினால் விளக்கு வேண்டாத ஊராக அது மாறியிருக்கும். குடும்பத்து வேலையே போய்விடும். யோசித்தீர்களா?

---

மூன்று முத்து:

எனக்கு 15 வயது, இங்கே எல்லோரும் பெரியவர்கள் என்று தெரிகிறது, ஆனாலும் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது பெர்சி ஜாக்சன் முதல் நூல். அவன் உலகத்தைக் காப்பாற்றப் போவதாக எல்லோரும் நினைக்கிறார்கள், உண்மையில் அவன் போவது அம்மாவைத் திரும்பக் கூட்டிவர. பாதாள உலகத்தில் அவனிடம் ஆளுக்கு ஒன்றாக வெளியே கொண்டுவரும் மூன்று முத்துதான் இருக்கும், நான்கு பேர் வெளியே வர வேண்டும். அம்மாவை விட்டுவிட்டு நண்பர்களோடு வந்துவிடுவான், திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு. எனக்கு அப்போது பத்து வயது, அவன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. இப்போது யோசித்தால், அந்த இடத்தில் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. அந்த ஆசிரியர் ரிக் ரியார்டன், படிப்பதில் சிரமம் இருந்த தன் மகனுக்குச் சொன்ன கதையிலிருந்துதான் அது வந்தது என்று படித்திருக்கிறேன், அதனால்தானோ என்னவோ அதில் அம்மா உண்மையான அம்மா மாதிரி இருக்கிறார்.

எனக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவை முட்டாளாக எழுதாதீர்கள். நிறைய நூல்களில் பிள்ளை மூன்று நாள் காணாமல் போனால்கூட வீட்டில் யாருக்கும் தெரியாது. என் அம்மாவுக்கு நான் பொய் சொன்னால் நடக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

---

பழைய அட்டை:

மூன்று முத்து சொன்னதை அப்படியே எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். நடக்கும் சத்தத்திலேயே தெரிந்துவிடும் என்ற வரி எங்கள் எல்லோருடைய பதிலையும்விடப் பயனுள்ளது.

ஒற்றைப்பனைக்கு ஒரு சின்னப் பதில். திரும்பி வருவதைப் பற்றிச் சொன்னீர்கள், முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதோடு பரம்பரை ரகசியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகைக் கதைகளில் பெற்றோரைத் தேடினால் கடைசியில் அவர்கள் ராஜாவாகவோ தேவனாகவோ இருப்பார்கள். லாயிட் அலெக்சாண்டர் 1967இல் 'டாரன் வாண்டரர்' நூலில் அந்தக் கதவை மூடினார். பன்றி மேய்க்கும் பையன் தன் பெற்றோரைத் தேடி அலைகிறான், உயர்குடியாக இருக்க வேண்டும் என்று ஏங்குகிறான். ஓர் ஏழை இடையர் நான்தான் உன் அப்பா என்கிறார். அவனுக்கு ஏமாற்றம், வெட்கம், அந்த வெட்கத்தைப் பார்த்து இன்னும் வெட்கம். பிறகு அதுவும் பொய் என்று தெரிகிறது. அப்புறம் இரும்பு வேலை, நெசவு, மண்பாண்டம் என்று ஒவ்வொரு தொழிலாகக் கற்றுப் பார்க்கிறான், உயிராக நேசிக்கும் மண்பாண்டத்தில் தனக்குத் திறமை போதாது என்று கண்டுகொள்கிறான். பெற்றோர் யார் என்பது கடைசிவரை கிடைப்பதில்லை. விளக்குக்காரி, உங்கள் நாயகிக்கு ஏன் இருட்டில் பெயர் மறப்பதில்லை என்பதற்குப் பாட்டனார் ரத்தம், பழைய சாபம் என்று எதையாவது வைத்திருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

---

விளக்குக்காரி:

இரண்டு நாளாக எல்லாப் பதிலையும் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன், உடனே எழுதாததற்கு மன்னியுங்கள்.

பழைய அட்டை, பாட்டனார் ரத்தம் என்றேதான் வைத்திருந்தேன். நேற்று எடுத்துவிட்டேன். அதை எடுத்ததும் வேறொரு காரணம் தானாக வந்தது. ராத்திரி விளக்கடியில் காவலுக்கு உட்காரும்போது தூக்கம் வராமல் இருக்க அம்மா அவளுடைய பெயரை விதவிதமான ராகத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள், குழந்தையாக இருந்த காலத்திலிருந்து. அத்தனை முறை கூப்பிடப்பட்ட பெயர் மறக்காது. அம்மாவுக்கே அது தெரியாது. ஆக அம்மாவின் கையில் கொடுக்கப் பொருள் ஒன்றும் தேட வேண்டியதில்லை, அவள் குரலே இருக்கிறது.

இரண்டாம் வாசிப்பு சொன்ன அப்பா காட்சியை எழுதிவிட்டேன். "இது யார் வீடு" என்று அவர் கேட்கும் இடத்தில் கை நடுங்கியது. சாவித்துளை, நீங்கள் சொன்னபடி ஐந்து வாரம் அவளை வீட்டிலேயே வைத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன், அந்தக் கையெழுத்து. அப்பா தினமும் விளக்குப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், அவருக்குப் பெயர் தெரியாது, அவள் அவர் கையெழுத்தைப் போடப் பழகுகிறாள். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.

ஒற்றைப்பனை, அம்மாவும் மகளும் பேசும் காட்சியைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். மகள் பொய் சொல்லத் தயாராகி வருகிறாள், அம்மா முதுகைத் திருப்பி உட்கார்ந்தபடியே "செருப்பு மாற்றியிருக்கிறாய்" என்கிறாள். அதற்கு மேல் இன்னும் போகவில்லை, ஆனால் போகும் என்று தெரிகிறது, நான்கு மாதத்தில் முதல் முறையாக. விளக்கு தேவைப்படாத ஊரைப் பற்றியும் யோசிக்கிறேன், அதற்கு இன்னும் பதில் இல்லை.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். தம்பி. ஆறு வயது. அக்கா போகிறாள் என்று அவனிடம் சொல்வார்களா, மறைப்பார்களா? சொன்னால் அவன் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான், மறைத்தால் மனதுக்கு ஒப்பவில்லை.

---

சாவித்துளை:

கையெழுத்து உங்களுக்கே. எங்காவது பயன்பட்டதே என்று சந்தோஷமாக இருக்கிறது.

தம்பியிடம் சொல்லிவிடுங்கள். என் தங்கைக்கு அப்போது ஐந்து வயது, அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தோம், அம்மா இருந்ததோ மருத்துவமனையில். அவள் மூன்று வாரம் வாசல்படியிலேயே தூங்கினாள். அக்கா எங்கே போகிறாள், எதற்குப் போகிறாள், திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று அவனிடம் சொல்லுங்கள், செய்ய ஒரு வேலையும் கொடுங்கள். அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் அக்கா பெயரைக் கூப்பிட அவன் இருக்கிறான் அல்லவா.